ஒரே எண், வேறு வேறு வேலை

2016 அக்டோபரில் இந்தியச் செய்தித்தாள்களில் ஓர் எண் பரபரப்பாக அடிபட்டது: 69 சதவீதம். இந்தியாவில் உள்ள வேலைகளில் இத்தனை பங்கு இயந்திரமயத்தால் பறிபோகக்கூடும் என்று அன்றைய உலக வங்கித் தலைவர் ஜிம் யோங் கிம் பேசியிருந்தார். சீனாவுக்கு அவர் சொன்ன எண் 77, எத்தியோப்பியாவுக்கு 85.

இந்த எண்களின் வேர் ஆக்ஸ்போர்டில் இருந்தது. 2013இல் கார்ல் பெனடிக்ட் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 702 பணிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கணினி எந்த அளவுக்குச் செய்துவிட முடியும் என்று கணித்தார்கள். எழுபது பணிகளுக்கு மட்டும் வல்லுநர்களோடு உட்கார்ந்து 'முடியும்', 'முடியாது' என்று கையால் குறித்தார்கள். அந்த எழுபதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு கணினி நிரல் மற்றவற்றுக்கு மதிப்பெண் போட்டது. தொலைபேசியில் பொருள் விற்பவருக்கு 0.99. கையால் தைப்பவருக்கும் 0.99. இப்படிக் கூட்டிப் பார்த்ததில் அமெரிக்காவின் 47 சதவீத வேலைகள் ஆபத்தில் இருப்பதாக முடிவு வந்தது.

அந்த மதிப்பெண்கள் அமெரிக்கப் பணிக் குறியீடுகளின் மேல் ஒட்டப்பட்டவை. அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அமெரிக்கக் குறியீட்டைச் சர்வதேசக் குறியீட்டோடு பொருத்த வேண்டும். பிறகு அந்தச் சர்வதேசக் குறியீட்டை இந்தியக் குடும்ப ஆய்வுகளில் உள்ள குறியீட்டோடு பொருத்த வேண்டும். அமெரிக்கத் தையல்காரருக்குக் கிடைத்த மதிப்பெண் இந்த இரண்டு அட்டவணைகள் வழியாக இந்தியத் தையல்காரரின் கணக்கில் வந்து விழுந்துவிடும். அவர் கத்தரியால் வெட்டுகிறாரா, கணினி வெட்டிக் கொடுத்ததைத் தைக்கிறாரா என்று போய்ப் பார்ப்பதற்கு இந்த முறையில் இடமே இல்லை.

நாடுகளுக்கு இடையே உழைப்பை ஒப்பிடும் எந்த ஆய்வும் இத்தகைய அட்டவணைகளின் மேல்தான் நிற்கிறது. கென்யச் செவிலியருக்கும் நார்வேச் செவிலியருக்கும் ஊதியம் எவ்வளவு வேறுபடுகிறது, பெண்கள் எந்தெந்த வேலைகளில் குவிந்திருக்கிறார்கள், தச்சரின் மகன் என்ன ஆனான் என்று எந்தக் கேள்வியைக் கேட்டாலும், 'செவிலியர்', 'தச்சர்' என்பவை எல்லா நாட்டிலும் ஒரே பொருளைக் குறிக்கும்படி முதலில் செய்தாக வேண்டும். அந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்தவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

கையில் என்ன பொருள்?

வேலைகளை எண்ணுவது பழைய வழக்கம். எந்த அடிப்படையில் அவற்றைத் தொகுப்பது என்ற கேள்விதான் நெடுநாள் இழுபட்டது.

1851ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வகைப்பாடு அமைத்த வில்லியம் ஃபார் மருத்துவப் புள்ளியியல்காரர். ஒருவர் எந்தப் பொருளோடு பழகுகிறார் என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் அந்தப் பொருளின் தூசியும் ஈரமும் நாற்றமும்தான் உடம்பைப் பாதிக்கின்றன. ஆகவே 17 வகுப்புகளில் விலங்குப் பொருள்களோடு உழைப்பவர்கள், தாவரப் பொருள்களோடு உழைப்பவர்கள், கனிமங்களோடு உழைப்பவர்கள் என்று பிரித்தார். ஒரு பொருளைச் செய்பவரும் அதை விற்பவரும் ஒரே வகுப்பில் விழுந்தார்கள். நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள உறவைத் தேடியவருக்கு இது பொருந்தியது. கூலியையோ படிப்பையோ ஒப்பிட நினைத்தவருக்கு எதற்கும் உதவவில்லை.

அடுத்தவர் பாரிஸ் நகரப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர் ஜாக் பெர்த்தியோன். 1893இல் சர்வதேசப் புள்ளியியல் கழகத்தின் முன் இரண்டு பட்டியல்களை வைத்தார். ஒன்று மரணக் காரணங்களின் பட்டியல். இன்று மருத்துவமனைகள் பயன்படுத்தும் சர்வதேச நோய் வகைப்பாட்டின் முன்னோடி அதுவே. மற்றொன்று தொழில்களின் பட்டியல். அந்த இரண்டாவது பட்டியல் இந்தியாவுக்கும் வந்தது. 1901 கணக்கெடுப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழில் பிரிவுகளோடு திண்டாடியிருந்த காலனி அரசு, 1911இல் இ. ஏ. கெய்ட் பொறுப்பில் நடந்த கணக்கெடுப்புக்குப் பெர்த்தியோனின் அமைப்பைத் தழுவிப் பிரிவுகளை வெகுவாகச் சுருக்கியது.

ஆனால் பெர்த்தியோனின் பட்டியலும் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவில்லை. நூற்பாலையில் கணக்கு எழுதுபவர் எந்தப் பிரிவில் வருவார்? ஆலை ஜவுளித் துறையைச் சேர்ந்தது. அவர் செய்வது எழுத்தர் வேலை. ஒருவர் உழைக்கும் துறை வேறு, அவர் பார்க்கும் பணி வேறு என்பதை இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்தால்தான் வழி பிறக்கும். 1923இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய முதல் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாட்டிலேயே இது பேசப்பட்டது. பேச்சு செயலாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1957இல் ஒன்பதாவது மாநாடு ஒப்புக்கொண்ட வகைப்பாடு 1958இல் அச்சேறியது. அதன் சுருக்கப் பெயர் ஐஸ்கோ. 1968, 1988, 2008 என்று மூன்று முறை அது திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

நான்கு இலக்கங்கள்

1988 பதிப்பில்தான் ஐஸ்கோ தன் அடிப்படையைத் தெளிவாகச் சொன்னது. பார்க்க வேண்டியது இரண்டு: ஒரு வேலைக்குத் தேவைப்படும் திறனின் அளவு, அந்தத் திறனின் வகை. அளவு நான்கு படிகள். அதிகப் படிப்பு தேவைப்படாத உடலுழைப்பு முதல் படி. பட்டப்படிப்பும் ஆழ்ந்த அறிவும் வேண்டிய வேலை நான்காவது படி. வேலை செய்பவருடைய படிப்பை இது பார்ப்பதில்லை, வேலை கேட்கும் திறனைப் பார்க்கிறது. பொறியியல் படித்துவிட்டு உணவு விநியோகம் செய்பவர் ஐஸ்கோவுக்கு விநியோக ஊழியர்தான்.

2008 பதிப்பில் 10 பெருந்தொகுதிகள், அவற்றுக்குள் 43 துணைத்தொகுதிகள், 130 சிறுதொகுதிகள், கடைசியில் 436 அலகுகள். ஒவ்வோர் இலக்கமும் ஒரு படி உள்ளே அழைத்துப் போகும். 7531 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 7 என்றால் கைவினை சார்ந்த பணிகள். 75 என்றால் அவற்றில் உணவு, மரம், ஆடை தொடர்பானவை. 753 ஆடைப் பணிகள். 7531 தையல்காரர்கள். இதன் அருகில் இருப்பதுபோல் தோன்றி வெகுதூரத்தில் இருக்கும் இன்னோர் எண் 8153, தையல் இயந்திர இயக்குநர்கள். எட்டாம் தொகுதி ஆலை இயந்திரங்களை இயக்குபவர்களுக்கானது.

அளவெடுத்து, வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுப்பவர் 7531. நாள் முழுவதும் சட்டையின் ஒரே மடிப்பை இயந்திரத்தில் ஓட்டுபவர் 8153. ஏட்டில் இது தெளிவு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாசலில் நின்று கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்தான் வரும்: டெய்லர். ஓவர்லாக் அடிப்பவரும் டெய்லர், பவர் டேபிளில் உட்காருபவரும் டெய்லர். ஊரில் கடை வைத்து ரவிக்கை தைப்பவரும் அதே பெயரைத்தான் சொல்வார். ஆய்வுக்கு வந்தவர் 'டெய்லர்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு போனால், குறியீடு போடும் அலுவலர் கைவினைத் தொகுதியில் சேர்ப்பார். லட்சக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் காகிதத்தில் கைவினைஞர்களாகிவிடும் வாய்ப்பு அங்கே திறக்கிறது. இதனால்தான் வேலையின் பெயரோடு, 'அதில் முக்கியமாக என்னென்ன செய்கிறீர்கள்' என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்கும்படி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வலியுறுத்துகிறது.

இரண்டு கேள்விகளையும் கேட்டாலும் சிக்கல் முழுதாகத் தீருவதில்லை. ஒரே விடையை இரண்டு அலுவலர்களிடம் தனித்தனியே கொடுத்து இருவரும் ஒரே எண்ணைப் போடுகிறார்களா என்று பார்ப்பது இந்தத் துறையின் வழக்கமான சோதனை. பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் எலியாஸ் 1997இல் இத்தகைய சோதனைகளைத் தொகுத்தபோது, நுணுக்கமான குறியீட்டு மட்டத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போவது அரிது என்று கண்டார். முதல் இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒற்றுமை கூடும். அதற்குக் கொடுக்கும் விலை, செவிலியரும் நீதிபதியும் ஒரே தொகுதியில் போய்ச் சேர்வது.

அக்டோபர் மாதக் கூலி

பணிகளுக்கு எண் போட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எண்ணோடு சேர்த்துச் சேகரிக்கும் தகவல் நாட்டுக்கு நாடு வேறு வடிவத்தில் வந்தால்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1924இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்துக் கூலி விவரத்தை நாடுகளிடம் கேட்டு வாங்கியது. 1983இல் அந்தப் பட்டியல் 49 துறைகளைச் சேர்ந்த 161 பணிகளாக விரிந்தது. இத்தனை நாடுகள், இத்தனை பணிகள், இத்தனை ஆண்டுகள் என்று ஒரே இடத்தில் வேறு எங்கும் கிடைக்காது. ஆனாலும் பொருளியலாளர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். காரணம் பட்டியலைத் திறந்த உடனே தெரியும். ஒரு நாடு மணிக்கூலியை அனுப்பியிருக்கும், இன்னொன்று மாதச் சம்பளத்தை. ஒரு நாட்டின் எண் தொழிலாளர்கள் உண்மையில் பெற்ற சராசரி. பக்கத்து நாட்டின் எண் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. மூன்றாவது நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. ஆண்களுக்கு மட்டும் சில இடங்களில், இருபாலருக்கும் சேர்த்துச் சில இடங்களில். ஒரே நாடே ஒரு பணிக்கு ஒருவிதமாகவும் இன்னொரு பணிக்கு வேறுவிதமாகவும் அனுப்பியதும் உண்டு.

ஹார்வர்டின் ரிச்சர்ட் ஃப்ரீமனும் நெதர்லாந்தைச் சேர்ந்த ரெம்கோ ஊஸ்டன்டார்ப்பும் இந்தக் குவியலைச் சீராக்க இறங்கினார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட நூல் எளியது. சில நாடுகள் ஒரே பணிக்கு ஒரே ஆண்டில் இரண்டு விதமான எண்களையும் அனுப்பியிருந்தன. மணிக்கூலியும் மாதச் சம்பளமும், அல்லது ஒப்பந்தத் தொகையும் உண்மைச் சராசரியும். அந்த இரட்டைப் பதிவுகளிலிருந்து ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் விகிதங்களைக் கணித்து, மற்ற நாடுகளின் எண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய தரவுத்தளம் 1983 முதலான ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டது.

அதிலிருந்து கிடைத்த முடிவுகளில் ஒன்று: நாடு ஏழையாக இருக்க இருக்க, திறன் மிகுந்த பணிக்கும் திறன் குறைந்த பணிக்கும் இடையிலான கூலி இடைவெளி அகலமாகிறது. இன்னொன்று: ஒரே பணிக்குப் பணக்கார நாட்டிலும் ஏழை நாட்டிலும் கிடைக்கும் கூலிக்கு நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் ஊகித்திருந்த விஷயங்கள்தாம். ஆனால் பணிவாரியாக எண்ணிக் காட்ட அதுவரை ஒரு பொது அளவுகோல் இல்லை.

பெட்டிக்கடைக்காரர் எப்படி மேலாளர் ஆனார்

உலகம் மாறும்போது வகைப்பாடும் மாறியாக வேண்டும். 1988 பதிப்பில் இணையதளம் உருவாக்குபவருக்கு இடம் இல்லை. 2008 பதிப்பில் அவருக்கு 2513 என்று தனி எண் உண்டு. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் காலவரிசையை வெட்டிவிடுகிறது. வெட்டிய இடத்தில் ஒட்டுவது ஆய்வாளரின் தலைவலி.

சிறு கடைக்காரர்களின் கதை இதற்கு நல்ல சான்று. 1988 பதிப்பின் முதல் பெருந்தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நிறுவன இயக்குநர்களுக்கும் பக்கத்திலேயே, சிறு நிறுவனங்களை நடத்தும் பொதுமேலாளர்களுக்கு ஒரு பிரிவு இருந்தது. பல நாடுகளில் கடை உரிமையாளர்கள் அதற்குள் புகுந்தார்கள். அந்தப் பதிப்பை ஒட்டி எழுதப்பட்ட இந்தியாவின் 2004 தேசியத் தொழில் வகைப்பாட்டிலும் அதே ஏற்பாடு. விளைவாக, தேசிய மாதிரி ஆய்வுகளில் 'மூத்த அதிகாரிகள், மேலாளர்கள்' என்ற தொகுதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மளிகைக் கடைக்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும் இருந்தார்கள். இந்தியாவில் மேலாளர்கள் பெருகிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எழுத இடம் கொடுக்கும் தரவு அது.

2008 பதிப்பு இதைத் திருத்தியது. தன் கடையில் தானே நின்று விற்பவருக்கு 5221 என்ற எண்ணைக் கொடுத்து விற்பனைத் தொகுதிக்கு அனுப்பியது. அதைப் பின்பற்றிய இந்தியாவின் 2015 வகைப்பாட்டுக்கு ஆய்வுகள் மாறியபோது மேலாளர் தொகுதி மெலிந்தது. யாரும் கடையை மூடவில்லை, யாரும் வேலையை இழக்கவில்லை. மாறியது குறியீட்டுப் புத்தகம். இதை அறியாமல் இரண்டு ஆண்டுகளின் தரவை அடுத்தடுத்து வைப்பவர், நடக்காத ஒரு சரிவைக் கண்டுபிடிப்பார்.

ஆசிரியர்களுக்கும் இதே கதி. 1988 பதிப்பில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இரண்டு இடங்கள்: பட்டம் தேவைப்படும் நாட்டில் 2331, பயிற்சிச் சான்றிதழ் போதும் என்ற நாட்டில் 3310. ஒரே பாடத்தை ஒரே வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் இருவர் இரண்டு பெருந்தொகுதிகளில் எண்ணப்பட்டார்கள். 2008இல் அவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். செவிலியர் மட்டும் இன்னும் இரண்டாகவே நிற்கிறார்கள்: 2221, 3221. படிப்பை வைத்துப் பிரிக்காதீர்கள், செய்யும் வேலையை வைத்துப் பிரியுங்கள் என்று ஐஸ்கோ கையேடு சொல்கிறது. ஆனால் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாக உள்ள நாடும், ஜெர்மனியைப் போல மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியாக வளர்ந்த நாடும் தத்தம் தேசியக் குறியீடுகளை எழுதும்போது அந்த அறிவுரை எளிதில் நழுவிவிடுகிறது.

பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தும்போது ஒன்றுக்கு ஒன்று என்று அமைந்தால் கவலை இல்லை. ஒரு பழைய எண் நான்கு புதிய எண்களாகப் பிரிந்து, அந்த நான்கில் இரண்டுக்குள் வேறு பழைய எண்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதல் வழி, நுணுக்கத்தைக் கைவிட்டு ஓர் இலக்கம் மேலே ஏறுவது. இரண்டாவது, ஒரு பழைய எண்ணில் உள்ளவர்களை விகிதம் போட்டுப் பங்கிடுவது. மூன்றாவது வழி செலவு பிடிப்பது. ஆனால் நேர்மையானது: பழைய விடைத்தாள்களில் ஒரு பகுதியை வெளியே எடுத்து, இரண்டு வகைப்பாட்டிலும் திரும்பக் குறியீடு போடுவது.

அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் இந்த மூன்றாவது வழியைத் தேர்ந்தது. 1970க்கும் 1980க்கும் இடையில் அதன் பணி வகைப்பாடு தலைகீழாக மாறியிருந்தது. 1970 கணக்கெடுப்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளுக்கு இரட்டைக் குறியீடு போட்டார்கள். மீதிப் பதிவுகளுக்கு என்ன செய்வது? புள்ளியியலாளர் டொனால்டு ரூபினும் கிளிஃபர்ட் கிளாக்கும் மற்றவர்களும் 1991இல் வெளியிட்ட விடை இது. ஒவ்வொருவருக்கும் அவருடைய வயது, படிப்பு முதலியவற்றை வைத்துப் பொருந்தக்கூடிய புதிய எண்ணைக் கணித்துப் போட வேண்டும். ஆனால் ஒருமுறை மட்டும் போடக் கூடாது, பலமுறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்ட எண் விழும். அந்தப் பல பிரதிகளிலும் ஆய்வைத் தனித்தனியே ஓட்டி, முடிவுகள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்தால், பொருத்தும் வேலையில் உள்ள ஐயம் எவ்வளவு என்பது ஆய்வு முடிவிலேயே தெரிந்துவிடும். இன்று மருத்துவ ஆய்வு முதல் தேர்தல் கணிப்பு வரை விடுபட்ட தரவை நிரப்பப் பயன்படும் ஒரு முறையின் தொடக்ககாலப் பெரிய களம் பணிக் குறியீடுதான்.

விதவை, மகன், ஓய்வுபெற்றவர்

பழங்காலத்துக்குப் போனால் வேலை இன்னும் கடினம். திருமணப் பதிவேடுகளிலும் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் ஐரோப்பியப் பாதிரியார்கள் எழுதி வைத்த தொழிற்பெயர்களை ஒன்றாக்க மார்கோ வான் லூவன், இனெக்கே மாஸ், ஆண்ட்ரூ மைல்ஸ் மூவரும் 2002இல் ஹிஸ்கோ என்ற வரலாற்று வகைப்பாட்டை வெளியிட்டார்கள். அடிப்படையாக அவர்கள் எடுத்துக்கொண்டது அப்போதைய புதிய பதிப்பை அல்ல, 1968ஆம் ஆண்டுப் பழைய ஐஸ்கோவை. பின்னால் வந்த பதிப்பு நவீனக் கல்விப் படிகளை நம்பி நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கொல்லருக்கு அது பொருந்தாது. 1968 பதிப்போ 1506 பணிகளைத் தனித்தனியே பெயர் சொல்லி விவரித்தது.

பதிவேடுகளில் 'தச்சர்' என்று மட்டும் இருப்பதில்லை. 'தச்சரின் விதவை', 'ஓய்வுபெற்ற தச்சர்', 'பண்ணையாரின் மகன்' என்றெல்லாம் இருக்கும். இவற்றைத் தச்சர் என்று சுருக்கினால் தகவல் போய்விடும். தனிப் பணியாக்கினால் வகைப்பாடு வீங்கிவிடும். ஹிஸ்கோ குழு பணிக்கு ஐந்து இலக்கக் குறியீட்டை வைத்துவிட்டு, உறவு, தகுதிநிலை, கையாளும் பொருள் என்று மூன்று கூடுதல் கட்டங்களைப் பக்கத்தில் போட்டது. ஒரு சொல்லில் எத்தனை தகவல்கள் ஒட்டியிருக்கின்றனவோ அத்தனையையும் பிரித்து, ஆனால் எதையும் எறியாமல் வைக்கும் உத்தி இது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஐபம்ஸ் தரவுத்தளமும் இதே கொள்கையில் நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் கணக்கெடுப்புப் பதிவுகளை அது சீராக்கித் தருகிறது. சீராக்கிய பணி எண்ணைக் கொடுக்கும்போது, அந்தந்த நாடு முதலில் தந்த மூல எண்ணையும் நீக்காமல் அருகிலேயே வைக்கிறது. பொருத்தியது தவறு என்று நாளை ஒருவருக்குத் தோன்றினால் அவர் மூலத்துக்குத் திரும்பி வேறு மாதிரி பொருத்திக்கொள்ளலாம்.

வேறொரு பாதையும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் கேயா டைடன்ஸ், வேஜ் இண்டிகேட்டர் இணைய ஆய்வுகளுக்காக அமைத்த பணிப்பெயர்த் தரவுத்தளத்தில், ஆய்வாளர் பின்னால் உட்கார்ந்து எண் போடுவதில்லை. ஆயிரக்கணக்கான பணிப்பெயர்கள் முன்கூட்டியே ஐஸ்கோ எண்ணோடு இணைக்கப்பட்டு, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. விடை சொல்பவரே தன் மொழியில் தேடித் தன் வேலையைத் தேர்ந்துகொள்கிறார். குறியீட்டு அலுவலரின் ஊகம் இதில் ஒழிகிறது. இணையத்தில் வந்து படிவம் நிரப்ப நேரமும் வசதியும் இருப்பவர்களே பெரும்பாலும் பதிவாகிறார்கள் என்ற குறை புதிதாக முளைக்கிறது.

எண் ஒன்று, வேலை வேறு

இதுவரை பார்த்த எல்லாச் சிக்கல்களும் சரியான எண்ணைப் போடுவது பற்றியவை. சரியான எண்ணையே போட்டாலும் மிஞ்சும் சிக்கல் ஒன்று இருக்கிறது. அதுதான் 69 சதவீதத்தின் உள்ளே ஒளிந்திருந்தது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தரவுத்தளம், ஒவ்வொரு பணியிலும் எவ்வளவு படிக்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்று இருநூறுக்கும் மேற்பட்ட கூறுகளை அளந்து வைத்திருக்கிறது. அளந்ததெல்லாம் அமெரிக்கத் தொழிலாளர்களை. பெரும்பாலான நாடுகளில் இப்படி ஒரு பெரும் அளவீடு இல்லாததால், உலகமெங்கும் ஆய்வாளர்கள் ஓநெட்டின் எண்களையே எடுத்துத் தங்கள் நாட்டுக் குறியீடுகளின் மேல் ஒட்டினார்கள். கொழும்பில் உள்ள கணக்கரும் சிகாகோவில் உள்ள கணக்கரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்பது அதில் பொதிந்த அனுமானம்.

அனுமானத்தைச் சோதிக்க ஒரு வழி, தொழிலாளர்களையே கேட்பது. பணக்கார நாடுகளில், பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான ஓஈசிடி அமைப்பின் வயதுவந்தோர் திறன் ஆய்வு அதைச் செய்தது. 2012 முதல் உலக வங்கியின் ஸ்டெப் ஆய்வு இலங்கை, வியட்நாம், கானா, கென்யா, பொலிவியா போன்ற நாடுகளில் அதே போக்கில் கேள்விகளைக் கொண்டு போனது. வேலையில் எவ்வளவு நீளமான பத்திகளைப் படிக்கிறீர்கள், கணினியைப் பயன்படுத்துகிறீர்களா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா, அடுத்து என்ன செய்வது என்பதை நீங்களே தீர்மானிக்க முடிகிறதா?

போலந்தைச் சேர்ந்த பியோத்ர் லெவாண்டோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்து 47 நாடுகளை ஒப்பிட்டார்கள். ஒரே பணிக் குறியீட்டில் உள்ளவர்கள் வளரும் நாடுகளில் வளர்ந்த நாடுகளைவிட அதிகமாக ஒரே மாதிரியான, திரும்பத் திரும்ப வரும் செயல்களைச் செய்வதாகத் தெரிந்தது. அமெரிக்க அளவீட்டை அப்படியே ஒட்டினால் ஏழை நாடுகளின் வேலை உண்மையைவிடப் பகுப்பாய்வு மிகுந்ததாகத் தோன்றும்.

மறுபக்கம் இன்னொரு திருத்தம் வந்தது. மெலனி ஆர்ன்ட்ஸ், டெரி கிரிகரி, உல்ரிச் ஜீரான் மூவரும் 2016இல் 21 ஓஈசிடி நாடுகளுக்கு, முழுப் பணியையும் ஓர் எண்ணாகப் பார்க்காமல், ஒவ்வொரு தொழிலாளரும் தாம் செய்வதாகச் சொன்ன செயல்களை வைத்துக் கணக்கிட்டார்கள். ஒரே பணிக்குள்ளும் ஆளுக்கு ஆள் செயல்கள் வேறுபடுவதால், இயந்திரத்துக்கு எளிதில் பிடிபடாத பகுதி எல்லோரிடமும் கொஞ்சம் இருந்தது. ஆபத்தில் உள்ள வேலைகளின் சராசரி 9 சதவீதமாகச் சுருங்கியது. ஒரு திருத்தம் எண்ணை மேலே தள்ளக்கூடியது, மற்றது கீழே இழுப்பது. ஆகவே 69 என்பது மிகையா குறையா என்று எளிதில் சொல்லிவிட முடியாது. இந்தியத் தொழிலாளர்களைக் கேட்டுப் பெறாத எண் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இயந்திரம் போடும் எண்

இப்போது குறியீடு போடும் வேலையே இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வார்விக் பல்கலைக்கழகத்தின் காஸ்காட் மென்பொருள் பல ஆண்டுகளாகவே வேலை விவரணையைப் படித்து எண்ணைப் பரிந்துரைக்கிறது. 2024இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆக்கனைன் என்ற மொழி மாதிரி, பதின்மூன்று மொழிகளில் பல லட்சம் பழைய தொழிற்பெயர்களைப் படித்துப் பழகி ஹிஸ்கோ எண்களைத் தானே போடுகிறது. முன்பு நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கையால் செய்ததை அது மிக விரைவில் முடித்துவிடுகிறது.

பணி எண்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவின் தாக்கத்தை அளக்கவும் செயற்கை நுண்ணறிவே இறங்கியிருக்கிறது. 2023இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஐஸ்கோவின் 436 அலகுகளில் உள்ள செயல்களை ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தது. எழுத்தர் பணிகளே அதிகம் பாதிக்கப்படும் என்றும், பணக்கார நாடுகளில் 5.5 சதவீத வேலைகளும் ஏழை நாடுகளில் 0.4 சதவீத வேலைகளும் தானியங்கிமயமாகலாம் என்றும் அந்த ஆய்வு கண்டது. ஃப்ரே, ஆஸ்போர்ன் எண்ணோடு ஒப்பிட்டால் நிதானமான எண். ஆனால் அடித்தளம் பழையதுதான்: ஓர் எண்ணுக்கு ஒரு வேலை, அது எல்லா நாட்டிலும் ஒன்று.

இந்த நூற்றெழுபது ஆண்டு அனுபவத்திலிருந்து நல்ல பணித் தரவுத்தளம் எது என்று தேறுகிறது. மூலச் சொல்லை அழிக்காமல் வைத்திருப்பது. எந்த அட்டவணையால் எந்த எண் எதுவாக மாறியது என்று தடம் காட்டுவது. ஐயம் உள்ள இடத்தில் ஐயத்தையும் ஓர் எண்ணாகச் சொல்வது. இந்த மூன்றும் இல்லாத தரவுத்தளத்திலிருந்து வரும் தலைப்புச் செய்தியை நம்பத் தேவையில்லை.

இதில் வாசகருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் பணியாளர்களும் ஆண்டு முழுவதும் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்கும்போது 'பிரைவேட் கம்பெனி', 'பிசினஸ்', 'கூலி வேலை' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கம்பெனி என்ன செய்கிறது என்பதைத் தனியாகவும், அங்கே நீங்கள் கையால் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தனியாகவும் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். வீட்டில் பீடி சுற்றும் பெண்ணையும் மாடு பார்க்கும் பெண்ணையும் 'சும்மா இருக்கிறார்' என்று எழுத விடாதீர்கள். அந்த இரண்டு வாக்கியம் கிடைக்காத இடத்தில் எவ்வளவு நுட்பமான கணிதமும் ஊகத்தைத்தான் நிரப்பும்.